முப்பத்தேழாவது படம்

ஒரு ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அப்படித்தான். புனலூரில் கூரை ஓட்டுக் கம்பெனி, திருவனந்தபுரத்தில் ஓட்டல், துபாயில் இரண்டு வருடம், சூரத்தில் சாயப்பட்டறை. நடுவில் பன்னிரண்டு வருடம், சீசனுக்குச் சீசன் வந்து, குற்றாலத்தில் போட்டோக்காரன். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மெயின் அருவிக்கு எதிரே நிற்பேன். தலையில் எண்ணெய் வழிய வருகிறவர்களை நிறுத்தி, அருவி பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, விலாசம் வாங்கித் தபாலில் அனுப்புவேன்.

இப்போது தென்காசியில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். அதுவும் ஆறு மாதம் ஆகிவிட்டது. திருப்பூரில் ஒருவர் வரச் சொல்லியிருந்தார். பையைக் கட்டி கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க குத்தாலத்துல போட்டோ புடிச்சவுகதான?"

"அது ஒரு காலத்துல. யாரும்மா நீ?"

"ஹாஸ்டல் பிள்ளைகளோட குளிக்க வந்தேன்லா, ஒங்ககிட்ட எங்கம்மா படம் கேட்டு வாங்குனேன்லா. பஸ் ஏறுத நேரத்துல எடுத்துக் குடுத்தியளே."

ஞாபகம் வந்தது. பதின்மூன்று வயதிருக்கும் அப்போது. இரட்டைச் சடை. நான் கொல்லம் பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தேன். சொந்த ஊரின் பெயரைச் சொல்லி, "எங்கம்மா செத்துப் போயிட்டாவ. பச்சச் சேல கெட்டி ஒங்ககிட்ட போட்டோ எடுத்தாவளாம், எங்கூர்க்காரங்க சொன்னாங்க" என்றது. பையைத் துழாவினேன். அந்த ஊரில் எடுத்ததில் யாரும் வாங்காத படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் கிடந்தது. அதில் இருந்தவள் பச்சைச் சேலைதான் கட்டியிருந்தாள். "இதுவா பாரு" என்றேன். "எனக்கு மொகம் தெரியாது அண்ணாச்சி" என்றது பிள்ளை. கண்டக்டர் விசில் கொடுத்தார். "இதுதாம்மா ஒங்கம்மா" என்று கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். காசு வாங்கவில்லை. கொல்லம் போய்ச் சேர்கிறவரை, நல்ல காரியம் செய்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளைதான் பேசியது. இப்போது ஆலங்குளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். சொந்தமாக வீடு கட்டிவிட்டாள். என் நம்பரைக் குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிற என் பழைய கூட்டாளியிடம் வாங்கியிருக்கிறாள்.

"வர்ற வியாழக்கெழம பால் காய்ப்பு. ஹால்ல அம்மா படத்தப் பெரிசா மாட்டணும். கையில இருக்குறது செவந்து போச்சு அண்ணாச்சி. பச்சச் சேல இப்பம் காப்பி கலர்ல இருக்கு. நெகட்டிவ் இருக்குமா?"

"இருந்தா தாரேன்" என்றேன். திருப்பூர் வெள்ளிக்கிழமைதான்.

நெகட்டிவ் இருந்தது. சிப்ஸ் கடையின் பரணில், பிஸ்கட் டின் ஒன்றில். கூட்டாளி அதைத் தூக்கிப் போடாததற்குக் காரணம் பாசம் இல்லை, பரணில் ஏறச் சோம்பல். டின்னைத் திறந்ததும் புளித்த காடி மாதிரி ஒரு வாடை வந்தது. சில சுருள்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மற்றவை பரவாயில்லை.

அந்த நெகட்டிவ் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

ஒரு ரோலில் முப்பத்தாறு படம். ரோல் முடியாமல் கழுவக் கொடுக்க முடியாது. சீசன் நன்றாக இருந்தால் அரை நாளில் ஒரு ரோல் தீரும். நான் சொல்கிற வருடங்களில் சாரலே இல்லை. அருவியில் பாறைதான் தெரிந்தது. மேலேயிருந்து ஒரு வேட்டியைத் தொங்கவிட்ட அகலத்துக்குத் தண்ணீர் விழுந்தது. வந்தவர்களும் பஸ்ஸை விட்டு இறங்கி, பார்த்துவிட்டு, திரும்பப் போனார்கள். எட்டுப் படம் எடுத்த ரோல், பத்துப் படம் எடுத்த ரோல் என்று கேமராவுக்குள்ளேயே வாரக்கணக்கில் கிடக்கும். அந்தப் பத்துப் பேரும் படம் வரவில்லை என்று கடிதம் போடுவார்கள். அதனால் மிச்சத்தைத் தீர்க்கக் கிழக்கே பார்த்துப் போவோம். பாவூர்சத்திரத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் நுழைந்து, யார் எடுக்கச் சொன்னாலும் எடுப்போம். யாரும் சொல்லாவிட்டால் ஆடு, வற்றிய கிணறு, வெடித்த குளம், எதையாவது எடுத்து ரோலைத் தீர்ப்போம்.

இப்படி ரோல் தீர்க்க எடுத்த படங்கள்தான் அந்த டின்னில் பாதி. அப்போது அவற்றைக் குப்பை என்று நினைத்தேன். தென்காசி ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஏற்றியபோது, ஸ்கேன் எடுத்த பையன், "செமயா இருக்கு அண்ணாச்சி, கலரெல்லாம். திருவிழாவா?" என்றான்.

திருவிழா இல்லை. ரேஷன் கடை வரிசை. கலரில் எடுத்தால் பஞ்சமும் அப்படித்தான் இருக்கும். வானம் அவ்வளவு நீலமாக இருந்ததற்குக் காரணம் மேகமே இல்லாதது. மண் அவ்வளவு சிவப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் அதன்மேல் ஒரு புல் இல்லாதது. பெண்கள் வரிசையாகப் பளபளக்கும் பிளாஸ்டிக் குடங்களோடு நிற்கிற படம் ஒன்று இருந்தது. மஞ்சள், ஊதா, ரோஸ். அத்தனையும் காலிக் குடம். கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் பையன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

"அடுத்தது போடு" என்றேன். எனக்கு உட்கார முடியவில்லை. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மறுபடி போய் ஒரு பீடி. திரும்பி வந்தபோது அந்தப் பச்சைச் சேலை திரையில் இருந்தது.

ஆனால் அது அவள் இல்லை. வேறு ஒருத்தி. அடுத்த படம், இன்னொருத்தி. அதற்கடுத்து மூன்றாமவள். நான்காவதாக வந்தவள்தான் பிள்ளைக்குக் கொடுத்த படத்தில் இருந்தவள். நான்கு பேருக்கும் பின்னால் ஒரே நீலம் போட்ட சுவர். நான்கு பேர் மேலும் ஒரே பச்சைச் சேலை, மாம்பழக் கலர் பார்டர், ஒரே மடிப்புக் கசங்கல்.

பையன் சிரித்தான். "என்ன அண்ணாச்சி, யூனிபாரமா?"

அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. குளத்துக்குப் பக்கத்துத் தெரு. வீட்டு வாசலெல்லாம் சுளகு என்கிற முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஒருவரும் இல்லை. எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். பெண்கள் படம் எடுத்துப் புருஷனுக்குக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும் என்றார்கள். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று காட்ட. உடுத்திக்கொள்ள ஒரு வீட்டில்தான் நல்ல சேலை இருந்தது. ஒருத்தி உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். நான் எடுத்ததும் ஓடிப் போய் அவிழ்த்துக் கொடுப்பாள். அடுத்தவள் வருவாள். சுளகு படத்தில் விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் காலால் தள்ளிவிட்டார்கள்.

அப்படியானால் நான் அந்தப் பிள்ளையிடம் 'இதுதாம்மா ஒங்கம்மா' என்றது என்ன?

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"கடைசில ஏதோ ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்கு. மெஷின் வெட்டிக் காட்டுது. முழுசா எடுக்கவா?"

எடுத்தான். நான்காமவள் படத்தின் வலது ஓரத்தில் இன்னொரு படம் ஏறிக் கிடந்தது. முப்பத்தாறு தீர்ந்த பிறகும் ஒன்று எடுக்கலாம் என்று நாங்கள் பிலிமை நகர்த்துகிற லீவரை நெம்புவது வழக்கம். அன்றைக்கும் நெம்பியிருக்கிறேன். பிலிம் பாதிதான் நகர்ந்திருக்கிறது. ஐந்தாமவள், அதே சேலையில், நான்காமவளின் தோளுக்குப் பக்கத்தில் புகையாக ஆரம்பித்து, அந்தப் படத்தின் எல்லையைத் தாண்டி, தெளிவாக நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் ஒரு கால் மட்டும் புகைக்குள் இருந்தது.

அப்போது கழுவிய லேபில் மெஷின் முப்பத்தாறோடு வெட்டிவிட்டது. ஐந்தாமவளின் படத்தை யாரும் பிரிண்ட் போடவே இல்லை.

நான் திருப்பூருக்குப் போன் செய்து, இரண்டு நாள் பிந்தும் என்றேன். அவர் "வாரும், வராட்டா இரும்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அந்த ஊருக்குப் போனேன். குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறது. நீலச் சுவர் வீடு இல்லை. டீக்கடையில் பிரிண்டில் நான்காமவளைக் காட்டியதும் கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இவளா? காலைல இங்கனதான டீ குடிச்சிட்டுப் போனா. சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருப்பா" என்றார்.

உயிரோடு இருக்கிறவளின் படத்துக்கு ஒரு பிள்ளை இருபத்திரண்டு வருடமாக மாலை போட்டு, விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அவளைத் தேடுவது சிரமமாக இல்லை. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அழுகலைப் பிரித்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டியிருக்கும். முன்பல் இரண்டு இல்லை. மற்றபடி அதே முகம். டெம்போக்காரன் ஒருவனை ஏசிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, கண்ணு பொடதிலயா இருக்கு? பெட்டி மேல ஏத்துதான் பாரு!"

நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். "அக்கா, என்னைத் தெரியுதா?"

"தெரியலியே. தக்காளி வேணும்னா கமிஷன் கடைல கேளும்."

"குத்தாலத்துப் போட்டோக்காரன். ஒங்க தெருவுல வந்து எடுத்தேன். பச்சச் சேல."

அவள் கையில் இருந்த தக்காளியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட சவமே, நீராவே? உம்மால எங்க மானமே போச்சுவே! எங்க வீட்டு ஆம்பளைய பூராவும் புனலூர்ல ஒரே ரூம்புலல்லா கெடந்தாவ. ஒருத்தன் கடுதாசியப் பிரிச்சான், பச்சச் சேல. அடுத்தவன் பிரிச்சான், அதே சேல. மூணாமத்தவன் பிரிக்கும்போது சேட்டன்மாரெல்லாம் கூடிட்டானுவளாம். 'எந்தா, நிங்ஙட நாட்டில் ஒற்ற சாரியே உள்ளோ'ன்னு, ஒங்க ஊருல ஒத்தச் சேலதானான்னு கேட்டானுவளாம். எங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லி ஏசுனாரு."

"ஒங்க படத்த அனுப்பலியா நீங்க?"

"நான் வாங்கவே இல்லியே. எம் படத்துல பக்கத்துல பொகையாட்டம் பேய் மாரி ஒண்ணு நின்னுச்சு. இத அனுப்புனா அந்த மனுசன் பயந்துருவாருன்னு, நீரு படம் கொண்டாந்த அன்னைக்கே டீக்கடையில திருப்பிக் குடுத்துட்டேன். நீரும் எடுத்துட்டுப் போனீரு."

அப்படித்தான் அது யாரும் வாங்காத படமாக என் பையில் கிடந்திருக்கிறது.

முழுசாக எடுத்த புதுப் படத்தை நீட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். தன்னைப் பார்க்கவே இல்லை. நேராக வலது பக்கம் போனது கண்.

"ஏட்டி..." என்றாள், படத்தைப் பார்த்து.

"யாருக்கா இது?"

"சேலைக்காரி. அவ கல்யாணச் சேலல்லா அது. எல்லாத்தையும் வித்துட்டா, அத மட்டும் விக்கல. எங்க எல்லாத்துக்கும் உடுத்தக் குடுத்துட்டு அவ கடைசில நின்னா. 'ஏட்டி, நீ மொதல்ல எடு'ன்னு சொன்னோம். 'எஞ்சேல எங்க போயிரும், நீங்க எடுங்க'ன்னா." தக்காளி ஒன்றை எடுத்துப் பார்க்காமலே ஒதுக்கினாள். "எங்களுக்கெல்லாம் படம் வந்துச்சு. அவளுக்கு மட்டும் வரல. டீக்கடையில போயி போயி கேப்பா. 'எம் படம் வந்துச்சா, எம் படம் வந்துச்சா'ன்னு. நீரு அதுக்குப் பொறவு வரவே இல்லியே."

வரவில்லை. அந்த மாதமே கேமராவைக் கூட்டாளியிடம் போட்டுவிட்டு மதுரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தது அடுத்த சீசனுக்கு.

"மறு வருசம் காய்ச்சல்ல போயிட்டா. அந்தச் சேலையத்தான் உடுத்தி அவளத் தூக்கிட்டுப் போனோம். அவ புருசன் வரல. புள்ளய கொஞ்சம் வளந்ததும் செங்கோட்டப் பக்கம் ஹாஸ்டல்ல விட்டாவ."

பிள்ளை ஆலங்குளத்தில் இருப்பதைச் சொன்னேன். அம்மா என்று இவள் படத்தைக் கொடுத்ததையும் சொன்னேன். மாலையையும் விளக்கையும் கடைசியாகச் சொன்னேன்.

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "கேட்டியா, எனக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்துதாவளாம்! அதான் எனக்கு இந்த மொழங்கால் வலி போவவே மாட்டேங்குது!" என்றாள். பக்கத்துப் பெண் சிரிக்காமல் "ச்சீ, வாயக் கழுவுக்கா" என்றாள்.

"புள்ளகிட்ட சொல்லிட்டீராவே?"

"இல்ல. வியாழக்கெழம பால் காய்ப்பு. அதுக்கப்புறம் சொல்லலாம்னு..."

"அதுக்கப்புறம் நீரு எங்க இருப்பீரு?"

நான் ஒரு தக்காளியை எடுத்து உருட்டினேன்.

"கோட்டிக்காரரே. எந்திரியும். நானும் வாரேன்."

தக்காளியை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, குழாயில் கால் கையைக் கழுவிக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். ஆலங்குளம் போகிறவரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்திருந்தாள். எனக்கு நடுவழியில் இறங்கிவிட வேண்டும் போல இருந்தது. அத்தியூத்து நிறுத்தத்தில் எழுந்துகூட நின்றேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தையல் கடை வாசலில் பிளவுஸ்கள் தொங்கின. பிள்ளை மிஷினில் குனிந்திருந்தாள். பின்னால் சுவரில் அந்தச் சிவந்து போன படம், சட்டம் போட்டு. காய்ந்த கதம்ப மாலை. சின்ன சீரோ பல்பு. நிமிர்ந்தவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "வாங்கண்ணாச்சி, நெகட்டிவ் கெடச்சுட்டா?" பிறகு எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். பிறகு சுவரை. பிறகு மறுபடி அவளை. முகம் தெரிந்துவிட்டது அவளுக்கு. பல் இல்லாவிட்டாலும், தலை நரைத்திருந்தாலும். தினமும் பார்த்த முகம்.

அந்த ஒரு நொடியில் அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அம்மா உயிரோடு வந்துவிட்டாள் என்று நினைத்தாள். அதை நான்தான் செய்தேன்.

"இல்லம்மா" என்றேன். "நான் அன்னைக்கு ஒனக்குத் தப்பாச் சொல்லிட்டேன். இது ஒங்கம்மா இல்ல. பாக்காமலே ஆமான்னு சொல்லிட்டேன்."

மிஷினில் ஊசி துணிக்குள்ளேயே நின்றது. நான் புதுப் படத்தை மேஜையில் வைத்தேன். கையால் தொடாமல் குனிந்து பார்த்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரோல், ஒரே சேலை, கடைசியாக நெம்பியது. சொல்லச் சொல்ல எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு சீக்கிரம் சொல்லி முடிகிறது என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

"இருவத்திரெண்டு வருசம் அண்ணாச்சி" என்றாள். "பரீச்சைக்குப் போகும்போது, கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும் இவுககிட்டதான் கேட்டேன்."

"நல்லதாத்தான நடந்துச்சு?" என்றாள் மார்க்கெட்டுக்காரி. "அப்பம் நாந்தான் செஞ்சு குடுத்தேன். கூலி எங்க?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரிலிருந்து பழைய படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து புதியதற்குப் பக்கத்தில் வைத்தாள். வலது ஓரத்தைக் காட்டினாள்.

"இந்தப் பொகைக்குள்ள கறுப்பாட்டம் ஒண்ணு இருக்குமே. நான் பையின்னு நெனச்சேன்."

"அது ஒங்காலு" என்றாள் மார்க்கெட்டுக்காரி. "ஒங்கம்மா முழங்கையும் இருக்கு பாரு. நீ வச்சிருந்ததுலயே அவ இருந்திருக்கா. மொகம்தான் வெளிய போச்சு."

பிள்ளை அதை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு புதுப் படத்தில் ஐந்தாமவளின் முகத்தை. தொடுவதற்கு முன் விரலைத் தைத்துக்கொண்டிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தை முதல் தடவை பார்க்கிற முப்பத்தைந்து வயதுப் பெண் என்ன சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். "மூக்கு என்னய மாதிரி" என்றாள். அவ்வளவுதான்.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பையன் நல்லவன். "அம்மாவ மட்டும் தனியா வெட்டி, பின்னால நீலம் நிரப்பித் தரட்டுமா? அந்தப் பக்கத்து ஆன்ட்டிய அழிச்சிரலாம்" என்றான். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"அழிச்சிருவியாவே என்னய? முழுசா உசுரோட நிக்கேன்லே!" என்று கத்தினாள் மார்க்கெட்டுக்காரி.

"வெட்டாண்டாம்" என்றாள் பிள்ளை. "இருக்குறபடியே பெரிசாக்குங்க."

வியாழக்கிழமை நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். புதுச் சுண்ணாம்பு வாடையோடு ஹாலில் படம் தொங்கியது. படத்தில் இருந்த நீலச் சுவர் பிள்ளையின் புது வீட்டுச் சுவரைவிடப் பளிச்சென்று இருந்தது. ஒரு சேலை இரண்டு உடம்பில், நடுவில் ஒன்றோடொன்று கலந்து, யாருடைய முந்தானை எங்கே முடிகிறது என்று தெரியாமல். விருந்துக்கு வந்தவர்கள், "நல்லா வசதியா இருந்திருக்காவ" என்று பேசிக்கொண்டார்கள். யாரும் திருத்தவில்லை.

மாலை போடுகிற நேரத்தில்தான் சிக்கல். முழுச் சட்டத்துக்கும் மாலை போட்டால் மார்க்கெட்டுக்காரிக்கும் சேர்த்துப் போட்டதாக ஆகும். அவளோ முன்வரிசை நாற்காலியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஸ்டூலில் ஏறி, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பல்லால் நூலைக் கடித்து, மாலையை இரண்டாக்கி, ஒரு பாதியை வலது மூலையில் ஆணியடித்து ஐந்தாமவளின் பக்கம் மட்டும் தொங்கவிட்டாள்.

"அந்தப் பாதியக் கொண்டா" என்றாள் மார்க்கெட்டுக்காரி. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

திருப்பூருக்கு இன்னும் போகவில்லை. பிஸ்கட் டின் இப்போது என் கட்டிலுக்கு அடியில், கட்டின பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பேரிடம் ஆமா என்று சொல்லியிருக்கிறேனோ தெரியாது. ஒவ்வொரு சுருளாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முப்பத்தாறுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.